லாரிக்கு ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறேன்: எதைப் பார்த்து எடுப்பது?

நெடுவழி எழுதியது:

வணக்கம். இதுவரை தெரிந்த சாலைகளில் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் புது ஊர்களுக்கும் லோடு எடுக்க வேண்டும். கைபேசியில் கூகுள் மேப்ஸ் இருக்கிறது. ஆனால் அதில் வண்டியின் உயரத்தையோ எடையையோ பதியும் இடமே கிடையாது. காருக்குச் சொல்கிற வழியைத்தான் லாரிக்கும் சொல்லும். லாரிக்கென்றே தனிக் கருவிகள் வருகின்றன, செயலிகளும் இருக்கின்றன. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

வண்டி 24 வோல்ட். ட்ரெய்லர் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கன்டெய்னர், ஒரு நாள் தார்ப்பாய் கட்டிய லோடு. தனிக் கருவி வேண்டுமா, செயலி போதுமா? 7 அங்குலத் திரையா, 10 அங்குலமா? பழைய கருவி ஒன்று செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பதினெட்டு டயர் எழுதியது:

தம்பி, திரையைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கடையில் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒதுக்கி வைத்திருக்கும் பணமும் பெரும்பாலும் அதற்கே போய்விடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் ஓட்டப்போகும் பகுதிக்கு அந்தக் கருவியில் லாரி விவரங்களோடு வரைபடம் இருக்கிறதா என்பது. சாதாரண வரைபடம் எல்லா இடத்துக்கும் கிடைக்கும். பாலத்தின் உயரம், எடை வரம்பு, லாரிக்குத் தடை போட்ட தெரு, அபாயப் பொருளுக்கு மூடிய சுரங்கப்பாதை, இவை எல்லாம் சேர்ந்த வரைபடம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் கிடையாது. கார்மின் டீசல் ஓடிஆர் வரிசை, டாம்டாம் கோ எக்ஸ்பர்ட், ராண்ட் மெக்னாலி, இவை எல்லாம் லாரிக்கென்றே செய்தவை. ஆனால் வட அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ என்று வரைபடம் ஏற்றி விற்ற கருவியை வேறொரு கண்டத்தில் வைத்து ஓட்டினால், அதில் இருக்கும் லாரித் திறமையில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். பெட்டியின் மேல் எந்தப் பகுதியின் வரைபடம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

வரைபடம் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, அது எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, காசு உண்டா என்பது. 'வாழ்நாள் புதுப்பிப்பு' என்று போட்டிருந்தால் அது நம் வாழ்நாள் இல்லை. தயாரித்தவர் அந்த மாடலை ஆதரிக்கும் வரைதான்.

வரைபடப் பிரியன் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யாரும் விவரம் சேர்த்துத் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தில், சாலை விவரம் சேர்ப்பவன். வரைபடத்தில் பாலத்தின் உயரம் எப்படி வருகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பாலத்துக்கு உயர வரம்பு, எடை வரம்பு, ஆக்சில் எடை வரம்பு என்று தனித்தனிக் குறிகள் உண்டு. யாரோ ஒருவர் அங்கே போய்ப் பலகையைப் பார்த்துப் பதிந்தால்தான் அந்தக் குறி இருக்கும். பதியாத பாலத்துக்குக் குறியே இருக்காது. வழி கணக்கிடும் நிரல் 'குறி இல்லை' என்பதைத் 'தடை இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். கருவி உங்களை ஒரு பாலத்துக்கு அடியில் அனுப்பினால், அந்தப் பாலம் உயரமானது என்பதும் காரணமாக இருக்கலாம், அதைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பணம் கொடுத்து வாங்கும் வணிக வரைபடங்களில் விவரம் அடர்த்தியாக இருக்கும். ஆனால் வெற்றிடத்தை அவை நடத்தும் விதமும் பெரும்பாலும் இதுதான்.

எண் பதிவாகியிருந்தாலும் அதில் அடங்காத விஷயங்கள் உண்டு. வளைவுப் பாலத்தில் உயரம் நடுவில்தான் இருக்கும், ஓரத்தில் குறையும். வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண். மேலே புதுத் தார் போட்டால் சாலை உயர்ந்து இடைவெளி சுருங்கும், பழைய எண் அப்படியே நிற்கும். அப்புறம், பாலத்துக்கு அடியில் சாலை குழிந்து இறங்கி ஏறும் இடங்கள். நீண்ட ட்ரெய்லரின் முன்பக்கம் ஒரு சரிவிலும் பின் சக்கரங்கள் எதிர்ச் சரிவிலும் நிற்கும்போது, நடுப்பகுதியின் கூரை, சாலையிலிருந்து அளந்தால், வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கும். பலகையில் போட்ட உயரத்தைவிடச் சற்றுக் குறைவான வண்டியும் அங்கே உரசிவிடும். இதை எந்தக் கருவியும் கணக்கில் எடுப்பதாக நான் பார்த்ததில்லை.

நெடுவழி எழுதியது:

அப்படியென்றால் லாரிக்கென்று கருவி வாங்கி என்ன பயன்? எப்படியும் பலகையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் கூகுள் மேப்ஸே போதாதா?

லோடு திட்டம் எழுதியது:

போதாது. நான் ஓட்டுகிறவள் இல்லை, வண்டிகளுக்கு வழி போட்டு அனுப்புகிறவள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கருவி பதிவான தடைகளில் மாட்டாமல் காக்கும். பதியாதவற்றை உங்கள் கண் காக்க வேண்டும். கார் வரைபடத்தில் ஓட்டினால் இரண்டு வேலையும் கண்ணுக்கே வரும். அதுவும் எப்போது? பாலத்துக்கு முன்னால் நிற்கும் பலகையைப் பார்க்கும்போது. அந்த நேரத்தில் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ரிவர்ஸ் எடுக்கவும் வழி இருக்காது. லாரி வரைபடம் அந்த முடிவைப் பல கிலோமீட்டர் முன்னாலேயே எடுத்துவிடுகிறது. அதுதான் பயன், அது பெரிய பயன்.

பலகையை மட்டும் நம்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் டர்ஹாம் நகரத்து ரயில் பாலம் ஒன்றே போதும். 11 அடி 8 அங்குல உயரம், அதாவது சுமார் 3.56 மீட்டர். முன்னாலேயே எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. 2016-இல் உயரத்தை உணர்ந்து, மின்பலகையில் 'திரும்பு' என்று காட்டும் அமைப்பும் வைத்தார்கள். அப்படியும் லாரிகள் வந்து கூரையைக் கிழித்துக்கொண்டே இருந்தன. 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. ஓட்டுநர் களைத்திருப்பார், அறிமுகமில்லாத ஊராக இருக்கும், கண் சிக்னலில் இருக்கும். பலகை அங்கேதான் நிற்கிறது, மனதில் ஏறுவதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது ட்ரெய்லர் மாறுவதுதான். சாதாரணக் கன்டெய்னர் 2.59 மீட்டர் உயரம், ஹைகியூப் 2.90 மீட்டர். முன்னால் இழுக்கும் வண்டி அதேதான், ட்ரெய்லரும் அதேதான், மேலே பெட்டி மட்டும் வேறு. 30 சென்டிமீட்டர் கூடிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கருவியில் நேற்றைய உயரம் பதிந்திருந்தால் அது நேற்றைய வண்டிக்குத்தான் வழி சொல்லும். அதனால் வாங்கும்போது பாருங்கள்: வெவ்வேறு வண்டி விவரங்களைப் பெயர் போட்டுச் சேமித்து வைக்க முடிகிறதா? மாற்ற எத்தனை முறை தட்ட வேண்டும்? மெனுவுக்குள் மெனுவாக நுழைந்து தேட வேண்டும் என்றால் அவசரத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். வண்டியைக் கிளப்பும்போது 'இன்று எந்த ட்ரெய்லர்?' என்று தானாகக் கேட்கும் கருவி கிடைத்தால் அதை எடுங்கள்.

அபாயப் பொருள் ஏற்றுவீர்களா? ஐரோப்பாவில் ஏடிஆர் விதிப்படி சுரங்கப்பாதைகளை ஏ முதல் இ வரை பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் தடை இல்லை, இ மிகக் கடுமையானது. அந்த வகை லோடு வந்தால் கருவியில் அதைப் பதிய இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பதினெட்டு டயர் எழுதியது:

அக்கா சொன்னது சரி. பதியும் உயரத்தை எப்படி அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் ஆர்.சி. புத்தகத்திலோ விளம்பரத் தாளிலோ உள்ள எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஏர் சஸ்பென்ஷன் என்றால் ஓடும் உயரத்தில் வையுங்கள், இறக்கி வைத்து அளக்காதீர்கள். மேலே ஒரு நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் தரைக்கு டேப் விட்டு அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால்தான் சட்டம் மட்டமாக இருக்கிறது. மிக உயரமான இடம் எது என்று நீங்கள் நினைப்பதும் நிஜத்தில் இருப்பதும் வேறாக இருக்கும். கேபின் மேல் வைத்த ஏசி, ஹார்ன், புகைக்குழாய், தார்ப்பாய்க்கு அடியில் புடைத்த மூட்டை, எல்லாவற்றையும் பாருங்கள். இரும்புப் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி லோடு இல்லாதபோது மேலே எழும்பி நிற்கும். லோடோடு போகும்போது நுழைந்த இடத்தில் காலியாகத் திரும்பி வரும்போது இடிப்பது இதனால்தான். ஆகவே காலி வண்டியின் உயரத்தையும் எடுத்து, இரண்டில் பெரியதைப் பதியுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக அரை மீட்டர் கூட்டினால் போக முடிந்த நல்ல சாலையைக்கூடக் கருவி அடைத்துவிடும்.

புதுஸ்டியரிங் எழுதியது:

நான் மாற்றிச் சொல்கிறேன். தனிக் கருவிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஒரு டேப்லெட்டில் சைஜிக் டிரக் மாதிரிச் செயலி போட்டால் அதே வேலை நடக்கிறது. உயரம், எடை, நீளம் எல்லாம் பதியலாம், வரைபடத்தை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஆஸ்மாண்ட் செயலியிலும் லாரிக்கான அமைப்பு இருக்கிறது. அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடுவது, தவறு இருந்தால் நாமே திருத்தலாம். சைஜிக்கில் போக்குவரத்து நெரிசல் விவரமும் உடனுக்குடன் வருகிறது. தனிக் கருவி பலவற்றில் நெரிசல் தெரிய எப்படியும் கைபேசியை இணைக்கத்தான் வேண்டும். கருவி பழசானால் தூக்கிப் போட வேண்டியதுதான். டேப்லெட் என்றால் வேறு செயலிக்கு மாறிக்கொள்ளலாம்.

மின்பொறி எழுதியது:

செயலி நல்லதுதான். அது ஓடும் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் வண்டிகளுக்கு மின்வேலை செய்பவன், எனக்கு வரும் புகார்களில் பாதி இதைச் சேர்ந்தவை.

வெயில். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்த கைபேசி சூடாகித் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். உச்சி வெயிலில் டேஷ்போர்டு அதை எளிதில் தாண்டிவிடும். டேப்லெட்டும் அப்படித்தான். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டினால் ஓரளவு தாங்கும். வண்டிக்கென்று செய்த கருவி இந்த விஷயத்தில் கூடுதல் தாக்குப்பிடிக்கும்.

மின்சாரம். உங்கள் வண்டி 24 வோல்ட். ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். காருக்கு விற்கும் 12 வோல்ட் சார்ஜரை அதில் செருகினால் புகைந்துவிடும். 12-24 வோல்ட் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். அதிலும் கருவியோடு வந்த வயரையே பயன்படுத்துங்கள். சில கருவிகளுக்கு நெரிசல் விவரம் வாங்கும் ஆன்டெனா அந்த வயருக்குள்தான் இருக்கும், வேறு வயர் போட்டால் அந்த வசதி போய்விடும்.

மாட்டும் விதம். உறிஞ்சுக் கோப்பை சூட்டிலும் அதிர்விலும் ஒரு நாள் கழன்று விழும், அதுவும் திருப்பத்தில். ஆம்ப்ஸ் என்ற நான்கு துளைத் தட்டு அமைப்பு இருக்கிறது, துளைகளின் இடைவெளி 30க்கு 38 மில்லிமீட்டர். அதற்குப் பொருந்தும் கருவியை டேஷ்போர்டில் திருகி மாட்டிவிடலாம். எங்கே மாட்டினாலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அந்தத் திரை சாலையின் எந்தப் பகுதியை மறைக்கிறது என்று பாருங்கள். லாரியின் கண்ணாடி பெரிது, ஆனால் குறுக்கே நடக்கும் ஆளை மறைக்க ஒரு 10 அங்குலத் திரை போதும். நான் 7 அல்லது 8 அங்குலம் என்பேன்.

செகண்ட் ஹேண்ட் கருவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வார எண்ணை 10 பிட்டில் அனுப்புகின்றன. 1024 வாரம் முடிந்ததும் எண் மறுபடி சுழியத்துக்குப் போகும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது, அடுத்தது 2038 நவம்பர். புதுப்பிக்காத பழைய கருவிகள் சில அதில் குழம்பித் தேதியைப் பல ஆண்டுகள் பின்னால் காட்டும். தேதி தவறினால், இத்தனை மணிக்குள் லாரிக்குத் தடை என்ற விவரமெல்லாம் தவறாகிவிடும். ஆகவே கையில் வாங்கியதும் திறந்த வெளியில் வைத்து, தேதியும் நேரமும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அந்த மாடலுக்கு இன்னும் வரைபடம் வருகிறதா என்று தயாரித்தவர் தளத்தில் தேடுங்கள். வரவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். மேம்பாலமும் அதன் அடியில் செல்லும் சாலையும் வரும் இடத்தில் கைபேசி எப்போதும் குழம்புகிறது. நான் மேலே போனால் கீழே போவதாகக் காட்டுகிறது. லாரிக் கருவியில் இது சரியாக இருக்குமா?

வரைபடப் பிரியன் எழுதியது:

முழுதாகத் தீராது. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். சர்வீஸ் சாலையும் பெருஞ்சாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது அந்த 5 மீட்டரே ஒன்றை மற்றொன்றாகக் காட்டப் போதுமானது. மேல் கீழ் கணிப்பு இன்னும் மோசம், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேல் பக்கம்தான் இருக்கின்றன, காலுக்குக் கீழ் ஒன்றும் இல்லை. உயரக் கணக்கில் பிழை அதனால் கூடும்.

ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளின் சிக்னலையும் வாங்கும் கருவி உயரமான கட்டடங்களுக்கு நடுவே நன்றாக நிற்கும். எல்1 என்ற வழக்கமான அலைவரிசையோடு எல்5 என்ற இன்னொரு அலைவரிசையையும் வாங்கினால் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலால் வரும் பிழை குறையும். ஆனால் மேம்பாலத்தில் ஏறுவதா வேண்டாமா என்பதில், எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே படம் போட்டுக் காட்டும் வசதிதான் உதவும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். 300 மீட்டருக்கு முன் குரல் வந்தால் உங்களிடம் இருப்பது 13 நொடி. காருக்கு அது தாராளம். முழு லோடோடு இரண்டு தடம் மாற அது போதாது. கருவியைச் சோதிக்கும்போது குரல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

பதினெட்டு டயர் எழுதியது:

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது: கடைசி அரைக் கிலோமீட்டர். பெருஞ்சாலையில் எல்லாக் கருவியும் கெட்டிக்காரக் கருவிதான். முகவரியைப் போட்டால் அது கொண்டுபோய் நிறுத்துவது அலுவலக வாசலில். லாரி நுழையும் கேட் பின்பக்கத் தெருவில் இருக்கும். முன்வாசல் தெருவில் நுழைந்த 16 மீட்டர் வண்டியைத் திருப்ப இடமிருக்காது, அங்கேதான் சுவரும் மின்கம்பமும் அடிபடும். கிளம்பும் முன் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கேட் எங்கே, ட்ரெய்லரின் பின்பக்கம் வீசித் திரும்ப இடம் உண்டா என்று பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியையே இலக்காகப் போட வேண்டும். முகவரி இல்லாமல் வரைபடத்தில் விரலால் குத்தி இலக்கு வைக்க முடியாத கருவி லாரிக்கு உதவாது. இதற்குக் கூகுள் மேப்ஸ் நல்ல துணை. வழிக்கு லாரிக் கருவி, இடத்தைப் பார்க்கக் கூகுள்.

லோடு திட்டம் எழுதியது:

ஆமாம். இறக்கும் இடத்துக்கு ஒரு போன் போட்டு 'லாரி எந்தப் பக்கம் வரும்?' என்று கேட்டுவிடுங்கள். அதற்கு விடை எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

வழி மாறும்போதும் கவனம் வேண்டும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கருவி உடனே புது வழி போடும். அந்தப் புது வழி பெரும்பாலும் சின்னத் தெருவில்தான் திருப்பும். முடிந்தவரை நேரே போய்ப் பெரிய சாலையில் திரும்புங்கள், அது மறுபடி கணக்குப் போட்டுக்கொள்ளும். சில கருவிகளில் யூ-டர்னையும் மண் சாலையையும் தவிர்க்கச் சொல்லி வைக்கலாம். வாங்கியதும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

புதுஸ்டியரிங் எழுதியது:

வெயில் விஷயத்தில் மின்பொறி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாரி வரைபடமே சரியாக இல்லாத பகுதியில் ஓட்டுகிறவருக்குத் தனிக் கருவியில் பணம் போடுவது வீண் என்ற என் கருத்து மாறவில்லை. அங்கே திருத்தக்கூடிய வரைபடம் உள்ள செயலிதான் நல்லது.

பதினெட்டு டயர் எழுதியது:

அதில் எனக்கும் மறுப்பில்லை. வரைபடம் இருந்தால் கருவி, இல்லையென்றால் செயலி.

நெடுவழி எழுதியது:

என் பகுதியின் வரைபடம் எதில் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். இருந்தால் 7 அங்குலத் தனிக் கருவி. இல்லையென்றால் டேப்லெட், ஏசி காற்று படும் இடத்தில். செகண்ட் ஹேண்ட் கருவி வேண்டாம், அதற்கு வரைபடம் வருவது நின்றுவிட்டது என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கடையில் வைத்து எப்படிச் சோதிப்பது?

வரைபடப் பிரியன் எழுதியது:

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தாழ்ந்த பாலம் ஒன்று இருக்கும் அல்லவா? அதற்கு இந்தப் பக்கம் புறப்படும் இடத்தையும் அந்தப் பக்கம் இலக்கையும் வைத்து, வண்டி உயரத்தை அந்தப் பாலத்தைவிடக் கூடுதலாகப் போட்டு வழி கேளுங்கள். சுற்றிப் போகச் சொன்னால் அந்தப் பாலம் வரைபடத்தில் இருக்கிறது. நேரே போகச் சொன்னால் இல்லை. எடை வரம்புள்ள பாலம், லாரிக்குத் தடை போட்ட தெரு என்று உங்களுக்குத் தெரிந்த இன்னும் சில இடங்களிலும் இதையே செய்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் உள்ள கடையில் வாங்கினால் இதை வீட்டிலேயே நிதானமாகச் செய்யலாம்.